தாத்தா என்ன வேலை பார்த்தார்?

செத்துப்போனவர்களால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. வந்ததெல்லாம் அவர்களுடைய பேரன் பேத்திகளால்தான். குடும்ப வரலாறு தேடித் தருகிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பழைய மலையாளக் கையெழுத்தைப் படிக்கப் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறீர்கள். ஆளுக்கொரு லேப்டாப் வைத்திருக்கிறீர்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் எழுத்து புரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சம், புரிந்துபோனதால் பட்ட பாடுதான் அதிகம். அதற்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்துவதில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் பிறந்து, அங்கேயே பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டு, பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கிற ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகு திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழைய இறப்புச் சான்றிதழ்களைப் படித்துச் சொல்லும் வேலையை வீட்டிலிருந்தே பார்த்தேன். கண் மங்கியதும் அதையும் விட்டுவிட்டேன். இப்போது உங்களுக்கு உபதேசம் செய்கிறேன். இதற்குக் கண் தேவையில்லை.

பேர், வயது, நோய் இதையெல்லாம் வருகிறவர்கள் தாங்களே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள். என்னிடம் வந்து நிற்பது ஒரே ஒரு கட்டத்துக்காகத்தான். ‘தொழில்’ என்று போட்ட கட்டம். அந்தக் காலத்து எழுத்தர் அந்த இடத்துக்கு வரும்போது களைத்துப் போயிருப்பார். மற்ற கட்டங்களில் மணிமணியாக எழுதியவர் அங்கே மட்டும் கோழி கிளறியது போல எழுதிவைப்பார். அந்தக் கிளறலுக்குள் தன் பரம்பரையின் பெருமை கிடக்கிறது என்று பேரன் நம்புவான்.

எங்கள் ஸ்ரீவராகத்துக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் கொள்ளுத்தாத்தா அரண்மனையில் கணக்கு எழுதினார் என்பார்கள். நானும் பார்த்துப் பார்த்து ஒரு நாள் கேட்டே விட்டேன், இத்தனை பேரும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் சோறு யார் வடித்தது என்று. உண்மையில் பாதிப் பேர் தேகண்டம், அதாவது விசேஷ வீட்டுச் சமையல். அதை எழுதியிருப்பதைக் காட்டினால் முகம் தொங்கிவிடும். ஒருவர், பெரிய எஞ்சினீயர், என்னிடம் பூதக்கண்ணாடியைப் பிடுங்கித் தானே பார்த்தார். பிறகு, “மாமி, இது வைத்தியமா இருக்கப்படாதோ?” என்றார். “இருக்கலாம், உங்க கொள்ளுத்தாத்தா கையால சாப்பிட்டவாளுக்கு அது அவசியப்பட்டிருந்தா” என்றேன். அவர் அப்புறம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பெண்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுடைய தொழில் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். ஐந்தாறு பிள்ளை பெற்று, வீட்டு வேலையும் பார்த்து, நாலு வீட்டுக்கு அப்பளம் இட்டுக் கொடுத்தவளுக்கும் அதே கோடுதான். அந்தக் கோட்டைப் படிக்க நான் ஒரு தடவைகூடச் சிரமப்பட்டதில்லை. மிகத் தெளிவான கையெழுத்து.

பிற்பாடு காற்று திசை மாறியது. பணம் பார்த்த குடும்பங்களுக்குப் பெரிய உத்தியோகத் தாத்தாக்கள் சலித்துப் போனார்கள். ஏழைத் தாத்தாவுக்கு மார்க்கெட் வந்தது. மூட்டை தூக்கியிருந்தால் நல்லது. வெறுங்காலோடு நடந்து வந்திருந்தால் இன்னும் நல்லது. தாத்தா எவ்வளவு கீழே கிடந்தாரோ பேரன் அவ்வளவு மேலே ஏறி வந்ததாகக் கணக்கு. நான் உங்களுக்குச் சொல்லப்போகும் அண்ணாச்சி அந்தக் காலத்தில்தான் என்னிடம் வந்தார்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு சூப்பிரண்டு இருந்தார். வெற்றிலையும் தூக்கமும்தான் அவருக்கு உத்தியோகம், இடையிடையே கையெழுத்தும் போடுவார். அந்த மனிதர் தன் சர்வீஸிலேயே உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை எனக்குக் கிடைத்தது. “பெண்ணே, செத்தவன் எழுந்து வந்து தன் தொழில் இன்னதுன்னு சொல்லலை. வேற யாரோ வந்து சொல்லியிருக்கான். ஆர் சொன்னான்னு முதல்ல நோக்கு, பின்னே போதும் மத்ததெல்லாம்” என்றார். பதிவேட்டில் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், தகவல் கொடுத்தவர் பேரும் தொழிலும் எழுத. எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அன்றிலிருந்து தாண்டியதில்லை.

அண்ணாச்சிக்குத் தம்பானூரில் ஹோட்டல். ரயிலைவிட்டு இறங்குகிற தமிழ்நாட்டுக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கேதான் போய் நிற்பான், சாம்பார் அப்படி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா டீக்கடை போட்டார், மகன் ஹோட்டல் ஆக்கினார், அதை இடித்துவிட்டு லிஃப்ட் வைத்த கட்டடம் எழுப்பினார். அந்தக் கட்டடத்துக்குத் திறப்பு விழா வைத்திருந்த சமயம் என் வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய மருமகன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி ஒரு மூடித் தேங்காயை என் கையில் கொடுத்தார். தேங்காயோடு வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

“எங்க தாத்தா பொன்னையா இந்த ஊருக்குக் கல்லு சொமக்க வந்தவரு மாமி. கெழக்கே ஒரு கல்குவாரி. தலையில கூடை, காலுல செருப்பு கெடையாது. அந்தத் தலைமேலதான் இந்தக் கட்டடம் நிக்கி” என்று ஆரம்பித்தார். மேடையில் பேசப் பழகி வைத்திருந்த பேச்சு. கட்டட வாசலில் தாத்தாவுக்குச் சிலை வைக்கிறாராம். கூடை சுமக்கிற சிலை. வெண்கலத்தில் வார்த்தாயிற்று, வந்து இறங்கியாயிற்று, துணி போர்த்தியாயிற்று. திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் ஒத்துக்கொண்டாயிற்று. சிலைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் தாத்தாவின் இறப்புப் பதிவைப் பெரிதாக்கி வைக்க வேண்டும், அதில் ‘தொழில்: கூலி’ என்று இருப்பதை நான் படித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவ்வளவுதான்.

“இருக்குன்னு யார் சொன்னா?” என்றேன்.

மருமகன் செல்போனை நீட்டினார். “ஆப்புல போட்டோ பிடிச்சுப் போட்டேன் மாமி. கூலின்னு காட்டுது.”

“அப்போ அதையே கையெழுத்துப் போடச் சொல்றதுதானே.”

அண்ணாச்சிதான் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி உள்ள விஷயத்தைச் சொன்னார். அவருடைய சமையல்கட்டில் மாவு பார்க்கிறவள் இசக்கியம்மா. அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து அங்கே இருக்கிறவள். சிலை வந்து இறங்கிய அன்றிலிருந்து அவள் மற்ற ஆட்களிடம் ஒரு பேச்சுப் பேசுகிறாளாம். முதலாளியின் தாத்தா ஒரு கல்லைக்கூடத் தொட்டதில்லை, சுமந்தது என் தாத்தா என்று. “எங்க சோத்தைத் தின்னுட்டு எங்க தாத்தாவையே பேசுதா. இந்தத் தாளு கையில வரட்டு, அவளுக்குக் கணக்கு தீத்து அனுப்பிருவேன். நீங்க ஒரு வரி எழுதித் தந்தா போதும் மாமி, பின்னே நான் பாத்துக்கிடுவேன்.”

ஆக, நான் ஒரு வார்த்தையைப் படிக்க வேண்டும். இந்தப் பக்கம் படித்தால் ஒரு சிலை நிமிர்ந்து நிற்கும், ஒருத்தியின் பிழைப்புப் போகும். நான் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அவர்களை அனுப்பினேன். தேங்காயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்னிக்கு ஆயிற்று.

மறுநாள் காலையில் இசக்கியம்மாவே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றாள். உள்ளே வா என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் வந்தாள்.

“நீங்கதான் பழைய எழுத்து வாசிக்கிற மாமியா? மொதலாளி உங்ககிட்ட தாளு குடுத்திருக்காவளாம். அதுல என்ன எழுதியிருக்கோ எனக்குத் தெரியாது. ஆனா எங்கப்பா சாவுறவரைக்கும் சொன்னாரு. எங்க தாத்தாவைப் பணகுடியில இருந்து கூட்டிட்டு வந்தவரே இவுக தாத்தாதானாம். குச்சி வச்சிக்கிட்டு நிப்பாராம். நான் அதைத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல.”

“வேலை போயிடும்னு தெரிஞ்சுமா சொன்னே?”

“அந்தச் சிலையைக் கழுவச் சொன்னாவ மாமி. கழுவினேன். கழுவுறப்ப வாயில வந்துட்டு” என்றாள். பிறகு, “மவளுக்கு இது ஏழாம் மாசம். பிரசவம் முடியிற வரைக்காவது வேலை இருக்கணும். நீங்க பொய் எழுதாண்டாம். உள்ளதை வாசிங்க, போதும்” என்றாள்.

அவள் தாத்தாவின் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். சுடலைமுத்து.

அவள் போனதும் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மை ஊறிப் போயிருந்தது. அந்த வார்த்தையைக் கூலி என்று படிக்கலாம். கங்காணி என்றும் படிக்கலாம், அதாவது ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்து வேலையிடத்தில் நின்று வேலை வாங்குகிறவன். மனசு வைத்தால் கலெக்டர் என்றும் படிக்கலாம். நீங்களாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்குவீர்கள், இன்னும் பெரிதாக்குவீர்கள், கடைசியில் கறுப்பாக ஒரு குளம் தெரியும். குளத்தில் உங்களுக்கு வேண்டிய மீனைப் பிடித்துக்கொள்வீர்கள். எனக்கும் ஒரு மீன் வேண்டியிருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவள் வந்துபோன பிறகு அந்த வார்த்தை கங்காணி என்றே என் கண்ணுக்குப் பட ஆரம்பித்தது. அதனாலேயே நான் அந்தத் தாளை மூடி வைத்தேன். ஒரு வார்த்தை எனக்குப் பிடித்த மாதிரி தெரிய ஆரம்பித்தால் அதை அன்றைக்குப் படிக்கக் கூடாது.

பொன்னையா செத்ததைச் சொன்னவர் கட்டத்தில் மச்சினன் என்று ஒருவர் பேர் இருந்தது. மச்சினன் தன் தங்கை புருஷனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பான். அது சாட்சிக்கு உதவாது. அதனால் பொன்னையாவின் சாவை விட்டுவிட்டு, பொன்னையா உயிரோடிருந்த காலத்தைத் தேடினேன். கல்குவாரி இருந்த இடம் எந்தப் பகுதிக் கச்சேரிக்கு உட்பட்டது, அதாவது இன்றைக்கு வில்லேஜ் ஆபீஸ் என்கிறோமே அதற்கு, என்று கண்டுபிடித்து, அந்தக் காலத்துப் பக்கங்களைப் பார்க்க எழுதிக் கொடுத்தேன். பழைய குமாஸ்தா என்பதால் எனக்கு நாற்காலி போட்டார்கள். உங்களுக்குப் போட மாட்டார்கள், நின்றுகொண்டு பாருங்கள்.

குவாரியில் வேலை செய்ய வந்தவர்களுக்கு இங்கே அப்பனும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. செத்தால் கச்சேரிக்குப் போய்ச் சொல்வது யார்? கூட்டிவந்த கங்காணிதான். செத்தவன் பேரைச் சொல்லிப் பதிந்துவிட்டு வந்தால்தான் அந்த இடத்துக்கு ஊரிலிருந்து புது ஆளைக் கொண்டுவர முடியும். அதனால் இந்த ஒரு காரியத்தில் கங்காணிகள் சுணங்கியதே கிடையாது. இதை நான் வேறு பல குடும்பங்களின் தாள்களில் பார்த்திருந்தேன். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் போனேன்.

பக்கத்தைத் திருப்பினேன், பொன்னையா இருந்தார். செத்தவராக இல்லை, செத்ததைச் சொன்னவராக. தொழில்: கங்காணி. சிறு குழந்தைகூடப் படிக்கும், அவ்வளவு தெளிவு. அடுத்த பக்கத்திலும் இருந்தார். அதற்கடுத்த பக்கத்திலும். மழைக்காலம் முழுக்க அந்த மனிதர் கச்சேரிக்கு நடையாக நடந்திருக்கிறார். வலது பக்கம் அவர் பேர் ஒன்றேதான், இடது பக்கம் செத்தவர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். கூலி, கூலி, கூலி. எல்லோருக்கும் ஒரே நோய், காய்ச்சல். அந்த வரிசையில் பணகுடி சுடலைமுத்துவும் இருந்தார். வயது முப்பதுக்குள்.  நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றேன்.

பக்கங்களுக்கு நகல் வாங்கிக்கொண்டு தம்பானூருக்குப் போனேன். அண்ணாச்சி என்னை மாடியில் புது அறையில் உட்காரவைத்தார். ஏ.சி. போட்டார். நெய் ரோஸ்ட் வந்தது. நான் நகல்களை மேசையில் பரப்பி, மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்த மருமகனையே உரக்கப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது பக்கத்தில் அவருடைய குரல் இறங்கியது. மூன்றாவது பக்கத்தை அவர் படிக்கவில்லை.

அண்ணாச்சி தாளை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். முதலில் கோபம்தான் வந்தது. “நான் கேட்டது ஒரு தாளு. நீங்க எதுக்கு மாமி ஊரான் சாவையெல்லாம் கெளறுதீய?”

“உங்க தாத்தா அதுலதான் இருக்கார் அண்ணாச்சி. நான் என்ன செய்ய?”

“வேற ஆளுகிட்ட எழுதி வாங்கிக்கிடுவேன்.”

“பேஷா வாங்குங்கோ. கையெழுத்துப் போட ஆள் கிடைக்காத ஊரா இது? ஆனா இந்த நகல் யார் கேட்டாலும் கிடைக்கும். சிலை திறந்த மறுநாளே எவனாவது போய்க் கேப்பான் ஆக்கும்.”

கோபம் போய் வியாபாரி வந்தார். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மிரட்டுகிறவரைச் சமாளிப்பது சுலபம், வழி சொல்கிறவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அவர் சொன்ன வழி நல்ல வழியாகவே இருந்தது. “கூலின்னு எழுதாண்டாம். கங்காணின்னும் எழுதாண்டாம். ‘கல் தொழில்’னு எழுதுங்க. பொய்யில்லல்லா? அவரும் கல்லு வேலையிலதானே இருந்தாரு.”

பொய்யில்லைதான். கத்தியைப் பிடித்தவனும் கழுத்தைக் கொடுத்தவனும் ஒரே தொழில் என்கிற அளவுக்கு உண்மை. ஆனால் ஏ.சி. குளிரில், நெய் வாசனையில், அது எவ்வளவு நியாயமாகக் கேட்டது தெரியுமா? எல்லோருக்கும் நல்லது. சிலையும் நிற்கும், எனக்கும் பகை இல்லை. ஒருத்தியைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஒருத்தி கீழே மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்படி எழுதினா இசக்கியம்மாவை என்ன செய்வேள்?” என்று கேட்டேன்.

அவர் நெய் ரோஸ்ட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்தப் பதில் போதுமாக இருந்தது. “அப்போ கங்காணின்னே எழுதறேன்” என்று பேனாவை எடுத்தேன். பக்கங்களின் விவரத்தையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தேன். பிறகு, “அவளைக் கூப்பிடுங்கோ. அவ தாத்தாவோட தாளும் இதுல இருக்கு. அவளுக்குப் படிச்சுக் காட்டணும்” என்றேன். ஏன் கூப்பிட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை.

இசக்கியம்மா கையில் மாவோடு வந்து கதவருகே நின்றாள். நான் படித்தேன். பணகுடி சுடலைமுத்து. கூலி. நோய், காய்ச்சல். அவள் தன் தாத்தாவின் பேரை வீட்டாரல்லாத இன்னொருவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

“காய்ச்சல்னா போட்டிருக்கு?”

“ஆமாம்.”

“கல்லு விழுந்துல்லா செத்தாரு. எங்கப்பா கண்ணால பாத்தாரு, சின்னப் பிள்ளையில. நெஞ்சு மேல விழுந்து அந்த எடத்துலயே போயிட்டாராம்.” அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. “காய்ச்சல்னு யாரு மாமி சொன்னது?”

நான் இத்தனை வருஷம் படித்த தாள்களில் பதில் சொல்லத் தயங்கிய இடம் அது ஒன்றுதான். கட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்வது என் வேலை. சொன்னேன். “தகவல் கொடுத்தவர், பொன்னையா, கங்காணி.”

மேசையில் அந்தப் பக்கங்கள் அப்படியே பரந்து கிடந்தன. மழைக்காலம் முழுக்கக் காய்ச்சல். கல்குவாரியில் ஒருவன் மேல்கூடக் கல் விழவில்லை. விழுந்தது என்று சொன்னால் விசாரணை வரும், காய்ச்சல் என்றால் வராது. அண்ணாச்சி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவர் பெரிய படிப்பாளி இல்லை, ஆனால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதை அறியப் படிப்பு வேண்டியதில்லை. முகம் வெளிறிப்போனது. அவர்மேல் எனக்கு முதல் முறையாக இரக்கம் வந்தது. அந்த மனிதர் தன் தாத்தாவை உண்மையாகவே நேசித்திருக்கிறார். அவருக்குச் சொல்லிவைத்த தாத்தா வேறு.

மருமகன்தான் மெதுவாகச் சொன்னார். “மாமா, சிலையைத் திருப்பி அனுப்ப முடியாது. விருந்தாளிகளுக்கு அழைப்பு போயாச்சு. ‘பெயர் தெரியாத தொழிலாளி’ன்னு போட்டு வச்சிரலாமா? மரியாதையாவும் இருக்கும்.”

இசக்கியம்மா அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். அதுவரை தாழ்ந்திருந்த குரல் இப்போது அந்த அறை நிறையக் கேட்டது. “பேரு தெரியாதா? இப்பத்தானே மாமி வாசிச்சாவ. உங்க தாத்தாவுக்கே தெரிஞ்சிருக்கே. கச்சேரிக்குப் போயி, ஆளு பேரு ஊரு பேரு எல்லாம் ஒழுங்கா சொல்லியிருக்காரே. அவருக்குத் தெரிஞ்ச பேரு உங்களுக்குத் தெரியாதாக்கும்?”

 கீழே ஆர்டர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் துணி போர்த்திய சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வராமல் அங்கிருந்தே மருமகனிடம் சொன்னார். “மாப்ள, கல்லுல வெட்டுதவனுக்குப் போன் போடு. பேரை மாத்தச் சொல்லு. சுடலைமுத்து, ஊரு பணகுடி.” பிறகு, இசக்கியம்மாவைப் பார்க்காமலே, “மாவு பொங்கி வழியப்போவுது. போ, வேலையைப் பாரு” என்றார். அந்த ஹோட்டலில் அவள் வேலைக்கு அதுதான் உத்தரவாதம். அதைவிட மரியாதையாகச் சொல்ல அவருக்கு வரவில்லை.

அவர் மனம் இளகித்தான் சொன்னாரா, வரப்போகும் பெரிய மனிதரையும் வாங்கிவைத்த வெண்கலத்தையும் நினைத்துச் சொன்னாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். நல்ல காரியம் நடந்துகொண்டிருக்கும்போது அதன் பூர்வீகத்தை விசாரிக்கிற பழக்கம் நம் தொழிலுக்கே உரிய வியாதி. என் கூலியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நெய் ரோஸ்ட் ஆறிப்போயிருந்தது, அதையும் சாப்பிட்டேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பதிவேட்டில் செத்தவன் பேசுவதே இல்லை. அவன் தொழிலும் நோயும், பக்கத்தில் நின்று சொன்னவனின் வார்த்தை. சொன்னவனுக்கு அதில் என்ன லாபம் என்று பாருங்கள், பிறகு பூதக்கண்ணாடியை எடுங்கள். ஆப்பு அதைக் காட்டாது.

திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். தம்பானூரில் அன்று ஆட்டோ ஒதுங்கக்கூட இடமில்லை. பெரிய மனிதர் வந்து உழைப்பாளிகளின் வியர்வை என்று மலையாளத்தில் நீளமாகப் பேசினார். பக்கத்தில் நின்ற அவருடைய ஆளுக்குத்தான் வியர்த்தது. பிறகு துணியை இழுத்தார்கள்.

தலையில் கூடை, கூடை நிறையக் கல், தூண் மாதிரி இரண்டு கை. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொன்னையாவுக்குப் போட்டோ கிடையாது. சிற்பி என்ன செய்வான்? குடும்ப ஜாடை வேண்டுமென்று அண்ணாச்சியையே உட்காரவைத்து முகம் எடுத்திருக்கிறான். அதே மீசை, அதே தாடை, தாடைக்கடியில் தொங்கும் சதை உட்பட. கீழே கல்லில் புதிதாக வெட்டிய எழுத்து: ‘சுடலைமுத்து, பணகுடி. கல் சுமந்தவர். கல் விழுந்து இறந்தவர்.’ கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது யாரென்று தெரியவில்லை. மேடையில் நின்ற அண்ணாச்சி சிலையின் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகு இசக்கியம்மா சமையல்கட்டிலிருந்து வந்து சிலை முன்னால் நின்றாள். எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினாள். அப்புறம் நிமிர்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், “மூஞ்சியை மட்டும் மாத்த முடியலை, இசக்கி” என்றேன்.

“மாத்தாண்டாம் மாமி” என்றாள். “எங்க தாத்தா எறக்கி வைக்கட்டு. இனி அவுக சொமக்கட்டும்.”